கூடுதல் நேரத்தில் என் நிச்சயதார்த்தம்

பெனால்டி ஷூட் அவுட் நடக்கும்போது பார்க்கிறவரின் வாய் அவர் சொன்னபடி கேட்காது. எவ்வளவு படித்தவராக இருந்தாலும் சரி, எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும் சரி, அந்த நேரத்தில் வாய் தானாக ஒரு முடிவெடுத்து எதையாவது சொல்லித் தொலைக்கும். வீட்டு சோபாவில் உட்கார்ந்திருந்தால் பரவாயில்லை. பட்டுப்புடவை கட்டி, தலை கொள்ளாமல் பூ வைத்து, இரண்டு குடும்பத்துச் சொந்தபந்தங்களுக்கும் எதிரே மேடையில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்பதைத் திருச்சி மாவட்டத்திலேயே அனுபவித்துத் தெரிந்துகொண்டவள் அநேகமாக நான் ஒருத்திதான்.

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கால்பந்துக்கும் எனக்கும் சம்பந்தம் ஏற்பட்டது கல்லூரியில். மகளிர் அணிக்கு ஓர் ஆள் குறைகிறது என்று என்னை கோல் கம்பத்துக்கு நடுவில் நிற்க வைத்தார்கள். வந்த முதல் பந்தை மூக்கால் தடுத்தேன். (கோல் விழவில்லை. அதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.) அதோடு ஆடுவதை விட்டுவிட்டேன், பார்ப்பதை விடவில்லை. ஐரோப்பாவில் ஒரு துறைமுக ஊரின் கிளப் எனக்குப் பிடித்துப்போயிற்று. பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் எதிர்க் கட்சிக்காரர்கள் கதையைப் பாதியிலேயே மூடிவிடுவார்கள்.

அந்த ஊருக்குச் சாயங்காலம் என்றால் நமக்கு நள்ளிரவு. அதனால் கே.கே. நகரில் எங்கள் வீட்டில் சனிக்கிழமை ராத்திரிகளில் திடீரென்று ஓர் அலறல் கேட்பது வழக்கமாயிற்று. முதலில் பக்கத்து வீட்டார் பயந்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். அம்மா மட்டும் பழகவே இல்லை. அதற்குக் காரணம் இருந்தது. முதலில் வந்த ஒரு வரன் வீட்டார் என் பொழுதுபோக்கு என்ன என்று கேட்டார்கள். நானும் வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டேன். பையனின் அத்தை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ராத்திரியில் கத்துவது பரம்பரையாக வருவதா என்று அம்மாவிடம் விசாரித்தார். அந்த வரன் அதோடு சரி. அன்றிலிருந்து வீட்டில் ஒரு சட்டம் வந்தது. இனி யார் கேட்டாலும் என் பொழுதுபோக்கு கோலம் போடுவது. கழுத்தில் தாலி ஏறும்வரை கால்பந்து என்ற வார்த்தையே வாயில் வரக் கூடாது.

அப்படித்தான் ஸ்ரீரங்கத்து ரங்கநாதன் வீட்டாருக்கு நான் கோலம் போடுகிற பெண்ணாகப் போய்ச் சேர்ந்தேன். அவர்களுக்குக் கோயில் பக்கம் பாத்திரக்கடை. ரங்கா கட்டட என்ஜினீயர், அதிர்ந்து பேசாத மனிதர். பெண் பார்த்து இரு வீட்டுக்கும் பிடித்துப்போன பிறகு நாங்கள் தினமும் போனில் பேசினோம். எனக்கு அவரை நிஜமாகவே ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் சனிக்கிழமைகளில் பன்னிரண்டை நெருங்கும்போது, அவர் எதையோ ஆசையாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, தூக்கம் வருகிறது என்று சொல்லி வைத்துவிடுவேன். பாவம், அவர் என்ன நினைத்திருப்பார் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

கார்த்திகை மாதத்தின் கடைசி முகூர்த்தத்தில் நிச்சயதார்த்தம் என்று முடிவாயிற்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். விட்டால் மார்கழி பிறந்துவிடும், பிறகு தை வரை காத்திருக்க வேண்டும். ரங்காவின் அம்மாவுக்கு மூட்டுவலி என்பதால் ஸ்ரீரங்கத்திலேயே ஒரு சின்ன ஏ.சி. ஹால் பிடித்தார்கள். ஹாலுக்கு முன்பணம் கொடுத்து, எல்லோரையும் அழைத்து முடித்த பிறகுதான் விதி தன் வேலையைக் காட்டியது.

ஒவ்வொரு கண்டத்திலும் ஜெயித்த கிளப்புகள் கூடி மோதிக்கொள்ளும் போட்டி ஒன்று உண்டு. அந்த வருடம் அது கிழக்கே ஒரு நாட்டில் நடந்தது. எங்கள் டீம் வழக்கமாக இப்படிப்பட்ட போட்டிகளில் சீக்கிரமே ஊருக்குத் திரும்பிவிடும். அந்த நல்ல பழக்கத்தை அந்த வருடம் பார்த்துக் கைவிட்டது. இறுதி ஆட்டத்துக்குள் நுழைந்துவிட்டது. இறுதி ஆட்டம் என் நிச்சயதார்த்தம் நடக்கும் அதே ஞாயிறு. கிழக்கே நடப்பதால் நமக்கு நள்ளிரவு இல்லை, சாயங்காலம் நான்கு மணி.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் நாலரை முதல் ஆறு வரை. ஆறு மணிக்கு முன்னால் லக்னப் பத்திரிகை வாசிக்க மாட்டார்கள். நான்கு மணிக்குத் தொடங்குகிற ஆட்டம் இடைவேளையோடு சேர்த்து ஆறுக்குள் முடிந்துவிடும். ராகு காலமும் ஆட்டமும் ஏறக்குறைய ஒன்றாகவே முடியும்போது எனக்காகவே யாரோ ஏற்பாடு செய்த மாதிரி இருந்தது. (ஆட்டம் சமனில் முடிந்தால் கூடுதல் நேரம் உண்டு, அதற்குப் பிறகு பெனால்டி உண்டு என்பதை இந்தக் கணக்கு டீச்சர் கணக்கில் சேர்க்கவில்லை. என்னிடம் படித்த பிள்ளைகள் இதை வாசிக்காமல் இருக்க வேண்டும்.)

திட்டத்துக்குக் கூட்டாளி தேவைப்பட்டது. என் அம்மாவின் தங்கை வசந்தி சித்தி, வங்கியில் கேஷியர். சித்திக்குக் கால்பந்தில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்றுகூடத் தெரியாது. ஆனால் அக்காவுக்குத் தெரியாமல் எதையும் செய்வதென்றால் சித்திக்குத் தனி உற்சாகம். எனக்குத் தலை பின்னி அலங்காரம் செய்யும் பொறுப்பும் சித்தியுடையதுதான். வயரில்லாத சின்ன இயர்போன் ஒன்றை என் வலது காதில் வைத்து, மேலே முடியை இறக்கி, மாட்டலை இழுத்துச் செருகி, மல்லிகைச் சரத்தைக் காதோரமாகத் தொங்கவிட்டார். கண்ணாடியில் பார்த்தேன். எனக்கே தெரியவில்லை. போன் சித்தியின் கைப்பையில். சித்தி என் பக்கத்திலேயே இருந்தால் போதும், ஆட்டத்தின் வர்ணனை என் காதில் ஓடிக்கொண்டே இருக்கும்.

நான்கு மணிக்குக் காரில் கிளம்பினோம். அப்பா முன்னால், நானும் சித்தியும் அம்மாவும் பின்னால். காவிரிப் பாலத்தில் ஞாயிற்றுக்கிழமை நெரிசல், வண்டி நகரவில்லை. அங்கே வைத்துத்தான் எதிரணி முதல் கோலைப் போட்டது. என்னை அறியாமல் ஒரு முனகல் வந்துவிட்டது. கண்ணிலும் லேசாகத் தண்ணீர்.

அப்பாவுக்குக் காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி. லாரி லாரியாக வெங்காயத்துக்கு நடுவில் வாழ்ந்தும் கண் கலங்கி நான் பார்த்ததில்லை. அன்று திரும்பிப் பார்த்தவர் என் முகத்தைக் கண்டதும் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கல்யாணம் தையில்தான், அதற்குள் ஏன் அழ வேண்டும், பிரிந்து எங்கே போகப்போகிறாய், இதோ பாலத்தைத் தாண்டினால் உன் வீடு என்று தழுதழுத்த குரலில் ஆறுதல் சொன்னார். அம்மாவும் அழுதார். மகள் அழுவது ஆஃப்சைடு கொடுக்கப்படாத ஒரு கோலுக்காக என்று எந்த வாயால் சொல்வது? நானும் தலையைக் குனிந்துகொண்டு சேர்ந்து அழுதேன்.

ஹாலுக்குப் போனதும் பெண்ணுக்கென்று இருந்த அறையில் என்னை உட்கார வைத்தார்கள். சொந்தக்காரர்கள் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எல்லோருக்கும் ஒரே புன்னகையைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆறு மணி ஆகப்போகிறது, ஆட்டமும் முடியப்போகிறது, நாங்கள் தோற்கப்போகிறோம். சரி, நிம்மதியாக மேடைக்குப் போகலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்ட நேரத்தில் கடைசி நொடியில் எங்கள் டீம் ஒரு கோல் போட்டுவிட்டது. ஒன்றுக்கு ஒன்று. நான் துள்ளியதில் சித்தி கையிலிருந்த ஊசி என் தோளில் இறங்கியது. வலிகூடத் தெரியவில்லை. ஒரு நிமிடம் கழித்துத்தான் புத்தியில் உறைத்தது. கூடுதல் நேரம்.

ரங்காவின் பெரியப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். நேரம் தவறாதவர். ராகு காலம் முடிந்து கால் மணி ஆவதற்குள் பெண்ணை அழைத்து வரச் சொல்லிவிட்டார். இயர்போனை எடுத்துவிடலாமா என்று சித்தி கண்ணால் கேட்டார். எடுப்பதென்றால் மாட்டலைக் கழற்றி, பூவைப் பிரித்து, தலையைக் கலைக்க வேண்டும். வெளியே அம்மா கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். இருக்கட்டும், சும்மா கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறேன் என்று நானும் கண்ணாலேயே சொன்னேன். போனை அணைக்கச் சொல்லியிருக்கலாம். அந்த யோசனை இரண்டு பேருக்கும் வரவில்லை. (எனக்கு வந்தது. வராத மாதிரி இருந்துவிட்டேன்.)

மேடையில் ஒரு நாற்காலியில் நான். பின்னால் கைப்பையோடு சித்தி. எதிரே முதல் வரிசையில் ரங்கா, இஸ்திரி மடிப்புக் கலையாத வேட்டி சட்டையில். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த நிமிடம் உண்மையாகவே சந்தோஷமாக இருந்தேன். பெரியப்பா மைக் முன்னால் நின்று, தொண்டையைச் செருமி, லக்னப் பத்திரிகையை விரித்தார். காதுக்குள் கூடுதல் நேரமும் முடிந்து பெனால்டி தொடங்கியது.

பெரியப்பா வாசிப்பது என்றால் சும்மா வாசிப்பதில்லை. ஒவ்வொரு பெயரையும் நிறுத்தி, நிதானமாக, ஏற்ற இறக்கத்தோடு படிப்பார். அவர் தாத்தா பாட்டன் பெயர்களை முடிப்பதற்குள் இங்கே இரண்டு பக்கமும் நான்கு நான்கு பேர் அடித்துவிட்டார்கள். எல்லாம் கோல்.  முந்தானையைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தேன். பார்த்தவர்கள் வெட்கம் என்று நினைத்திருப்பார்கள்.

எங்கள் டீமில் ஒரு தடுப்பாட்டக்காரன் உண்டு. நெட்டை ஆள். எதிரியைத் தடுப்பதில் கில்லாடி. ஆனால் பெனால்டி அடிக்கச் சொன்னால் பந்து கோலைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் போகும். முந்தைய வருடம் இப்படித்தான் ஒரு முக்கியமான ஆட்டத்தில் அவன் அடித்த பந்து ரசிகர்கள் தலைக்கு மேலே பறந்து போயிற்று. நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

பெரியப்பா என் பெயரை முடித்து அடுத்த வரிக்கு வந்தார்.

"இந்தத் திருவளர்ச்செல்வி தேன்மொழிக்கு, இரு வீட்டார் பெரியோர்களாலும் மனமுவந்து நிச்சயிக்கப்பட்ட வரன், ஸ்ரீரங்கம் சிரஞ்சீவி ரங்கநாதன்..."

அழகாக நிறுத்தி மூச்சு வாங்கினார். ஹாலில் பின் விழுந்தால் கேட்கும் அமைதி. அந்த அமைதியில் என் காதுக்குள் வர்ணனையாளர், அடுத்து பெனால்டி அடிக்க நடந்து வருவது அந்த நெட்டை ஆள் என்று அறிவித்தார்.

"ஐயோ, இவனா? இவன் வேண்டாம். வேற யாரையாவது அனுப்புங்க."

சொன்னது நான்தான். பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சுக்கும் கேட்கும் குரல் எனக்கு. மைக்கும் பக்கத்தில்தான் இருந்தது.

சொல்லி முடித்த பிறகுதான் நான் எங்கே இருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது. அத்தனை முகங்களும் என் மேல் இருந்தன. பெரியப்பா பத்திரிகையைப் பிடித்த கையோடு சிலையாகிவிட்டார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். மார்க்கெட்டில் அப்பா ஒரு குரல் கொடுத்தால் தெருக்கோடியில் லாரி நிற்கும். அந்த அப்பா வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார், ஒன்றும் வரவில்லை. ரங்காவின் முகத்தை நான் பார்த்திருக்கவே கூடாது. கோபம் இல்லை. யாரோ தோளைத் தட்டி, இந்த இடம் உங்களுக்கு இல்லை, எழுந்திருங்கள் என்று சொன்ன மாதிரி ஒரு முகம்.

இல்லை, நான் சொன்னது உங்களை இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதே நொடியில் காதுக்குள் ஒரு பேரிரைச்சல். நெட்டை ஆள் கோல் அடித்துவிட்டான். என் முகம் என்னைக் கேட்காமலே மலர்ந்தது. என் வாழ்க்கையில் வரக் கூடாத நேரத்தில் வந்த புன்னகை அது ஒன்றுதான். மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதில் ஒரு திருப்தியும் பட்டுக்கொண்டு, சபையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள் பெண். பின்னால் சித்தி பதறிப்போய்க் கைப்பைக்குள் கையை விட்டு போனையே அணைத்துவிட்டார். காது நிசப்தமாயிற்று. அதற்குப் பிறகு எதிரணி அடித்தார்களா, விட்டார்களா, ஒன்றும் தெரியாது.

ரங்கா எழுந்து, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போனார்.

அப்புறம் ஹாலில் கிளம்பிய சத்தத்தை நான் விவரிக்கப்போவதில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவர் எனக்கு மயக்கம் என்றார், அவர்கள் பக்கத்தில் ஒருவர் எனக்கு வேறு ஏதோ என்றார். இதற்கு நடுவில் ரங்காவின் அம்மா மூட்டுவலியோடு மேடையேறி வந்தார். என் கையைப் பிடித்தார். வாம்மா என்று மட்டும் சொல்லி, பெண் அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைத் தாழ்போட்டார். பின்னால் வந்த என் அம்மாவையும் உள்ளே விடவில்லை. அடிக்கப்போகிறார் என்றே நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"இங்க பாரும்மா, கதவைச் சாத்திட்டேன். உங்க வீட்டு ஆளுங்க யாரும் இல்ல. உனக்கு இஷ்டம் இல்லைன்னா இப்பவே சொல்லிடு. ஜாதகத்துல ஏதோ சரியில்லைன்னு நானே போயி சொல்லி நிறுத்திடறேன். உன் மேல ஒரு சொல் வராம நான் பாத்துக்கறேன்."

 அவர் கொஞ்சம் தாழ்ந்த குரலில் தொடர்ந்தார்.

"என்னை இப்படி உக்கார வச்சப்ப யாரும் கேக்கல. நல்ல மனுஷன்தான் அமைஞ்சாரு, குறை ஒண்ணும் இல்ல. ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்னு இன்னைக்கும் தோணும். அதான் கேக்கறேன்."

அதுவரை எனக்கு இருந்தது பயம் மட்டும்தான். அதைக் கேட்டதும் அழுகை வந்தது. பாலத்தில் அழுத மாதிரி இல்லை, நிஜ அழுகை. இந்த வீட்டுக்குள் போக முடியாமல் போய்விடுமோ என்ற அழுகை.  பூவை விலக்கி, மாட்டலைத் தள்ளி, காதிலிருந்து இயர்போனை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் இளகியது. என் கன்னத்தைத் தொட்டார்.

"காது கேக்காதாம்மா? இதைச் சொல்லத்தான் பயந்தியா? இதெல்லாம் ஒரு குறையா. எங்க வீட்டுல காது நல்லா இருக்கறவங்களே யாரு சொல்றதையும் கேக்கறதில்ல."

சத்தியமாக, ஒரு நொடி, ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். அதைவிடச் சுலபமான வழி கிடையாது. ஆனால் காலம் முழுக்கச் செவிடாக நடிக்க வேண்டும், அதுவும் இவ்வளவு நல்ல மனுஷியிடம். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். துறைமுக ஊர், இறுதி ஆட்டம், ராகு காலக் கணக்கு, நெட்டை ஆள், முதல் வரனின் அத்தை, கோலம் போடுகிறேன் என்று சொன்ன பொய், எல்லாவற்றையும். எனக்குப் புள்ளிக் கோலம்கூட ஒழுங்காக வராது என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

 அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பார்த்தால் சிரிப்பு. முட்டியைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வர, சத்தமே இல்லாமல் சிரித்தார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அன்றைக்கு நான் விட்ட அந்தப் பெருமூச்சில் தலையிலிருந்த பூ உதிர்ந்திருக்க வேண்டும்.

கதவைத் திறந்ததும் வெளியே நின்ற என் மாமனாரிடம் அவர் சொல்லத் தொடங்கினார். பொண்ணு வேண்டாம்னு சொன்னது நம்ம ரங்காவை இல்லை, வேற ஒருத்தனை என்பது வரைக்கும் கேட்டார் மாமனார். அவ்வளவு போதும் என்று நினைத்தாரோ என்னவோ, மீதியைக் கேட்காமல் விறுவிறுவென்று மேடைக்குப் போய் மைக்கைப் பிடித்துவிட்டார். (அந்த வீட்டில் யாரும் யார் சொல்வதையும் கேட்பதில்லை என்று அத்தை, அதாவது ரங்காவின் அம்மா, சொன்னது எவ்வளவு உண்மை என்று அன்றே தெரிந்துவிட்டது.)

சபையோர் அமைதியாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். தவறு ஒன்றும் நடக்கவில்லை, பெண் வேண்டாம் என்று சொன்னது தன் மகனை அல்ல, அது வேறொரு பையன் என்று அறிவித்தார்.

அடங்கியிருந்த ஹால் மறுபடி பற்றிக்கொண்டது. வேறொரு பையனா என்று முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை ஒரு கேள்வி ஓடியது. அத்தை மூட்டுவலியை மறந்து மேடைக்கு ஓடினார். மைக்கைப் பிடுங்கி, அவன் ஃபுட்பால் ஆடுகிற பையன் என்று விளக்கினார். இப்போது அந்தப் பையன் எந்த ஊர், எந்தக் கல்லூரி என்று கிசுகிசு எழுந்தது. என் அப்பா தூணில் சாய்ந்துகொண்டார். கடைசியில் வசந்தி சித்திதான் குறுக்கே புகுந்து, அவன் டி.வி.யில் ஆடுகிறவன், வெள்ளைக்காரன், அவனுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டது என்று ஒரே மூச்சில் சொன்னார். (சித்திக்கு இது எப்படித் தெரியும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கடைசித் தகவல்தான் சபையை அமைதிப்படுத்தியது.)

நான் ரங்காவைத் தேடிப் போனேன். பந்தி நடக்கும் இடத்துக்குப் பின்னால், கைகழுவும் குழாய்ப் பக்கம் தனியாக நின்றிருந்தார். மைக்கில் நடந்த கூத்து அங்கே கேட்டிருந்தாலும் அவருக்கு முழுதாகப் புரியவில்லை. நான் சொல்லச் சொல்லத் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். முடித்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப சனிக்கிழமை சனிக்கிழமை தூக்கம் வருதுன்னு வச்சது?"

"மேட்ச்சுங்க."

"எல்லா சனிக்கிழமையுமா?"

"எல்லா சனிக்கிழமையும்."

அவர் குழாய்த் தொட்டியின் விளிம்பில் அப்படியே சாய்ந்துகொண்டார். பல வாரங்களாக அவர் மனதில் இருந்த கல் அது. இவளுக்கு என்னோடு பேசப் பிடிக்கவில்லை, வீட்டுக்குப் பயந்து ஒத்துக்கொண்டிருக்கிறாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தாராம். நான் மேடையில் சொன்னதைக் கேட்டதும், சந்தேகப்பட்டது சரியாகிவிட்டது என்று எழுந்து வந்துவிட்டாராம். இனி அந்தச் சந்தேகம் இல்லை என்றதும் அவர் முகத்தில் வந்த தெளிவைப் பார்த்தேன். ஒரு வகையில் அந்த அலறல் நல்லதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன். (அவரிடம் சொல்லவில்லை. அதற்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகட்டும் என்று விட்டுவிட்டேன்.)

பிறகு அவர் அந்த நெட்டை ஆளின் படத்தைக் காட்டச் சொன்னார். தன் போனைத்தான் கொடுத்தார். தேடி எடுத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் கூர்ந்து பார்த்தார். கீழே ஆட்டத்தின் முடிவும் வந்திருந்தது. எதிரணியின் அடுத்த ஆள் அடித்த பந்து கம்பத்தில் பட்டு வெளியே போய்விட்டதாம். நெட்டை ஆள் அடித்ததுதான் கடைசி கோல். கோப்பை எங்களுக்கு. வருடக்கணக்காகக் காத்திருந்த வெற்றி அது, ஆனால் எனக்குக் கத்தத் தெம்பில்லை.

"நீ வேண்டாம்னு சொன்னா ஜெயிச்சுடறாங்க போல," என்றார் ரங்கா.

முகூர்த்த நேரம் இன்னும் மிச்சமிருந்தது. எல்லோரும் திரும்ப உட்கார்ந்தார்கள். பெரியப்பாவுக்கு மட்டும் மனக்குறை. நாற்பது வருடம் வகுப்பில் பாடம் நடத்திய தன்னை இடையில் நிறுத்தியவர் யாருமில்லை என்றார். பாதியில் நின்ற பத்திரிகையைப் பாதியிலிருந்து வாசிக்கக் கூடாது, முதலிலிருந்துதான் வாசிப்பேன் என்றார். அதற்கு முன்னால் என் இரண்டு காதையும் பார்க்க வேண்டும் என்றார். சபை முன்னிலையில் சித்தி என் பூவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தூக்கிக் காட்டினார். பெரியப்பா திருப்திப்பட்டு வாசிக்கத் தொடங்கினார்.

தாத்தா பாட்டன் பெயர்கள் எல்லாம் வந்தன. என் பெயர் வந்தது. "சிரஞ்சீவி ரங்கநாதன்" என்று படித்துவிட்டுப் பெரியப்பா நிறுத்தினார். மூக்குக் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். ஹால் முழுக்க என்னைப் பார்த்தது. அவர் அடுத்த வரிக்குப் போவதாக இல்லை.

"சம்மதங்க," என்றேன்.

அவ்வளவு சத்தமாகக் கைதட்டல் கேட்ட நிச்சயதார்த்தம் வேறு எங்கும் நடந்திருக்காது. அப்பாவுக்குக் குரல் திரும்ப வந்துவிட்டது. பந்தியை ஆரம்பிக்கச் சொல்லி அவர் கொடுத்த குரலில் சமையல்காரர் கரண்டியைக் கீழே போட்டார். அம்மா அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. ஆனால் வீட்டுக்குத் திரும்பும்போது காரில், அவன் பேர் என்ன, அந்த நெட்டையன், என்று ஒரு தடவை கேட்டார். சொன்னேன். நல்ல பையன்தான் என்றார்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. தாலி கட்டும்போது யார் காதிலும் ஒன்றும் இல்லை. ஸ்ரீரங்கத்து வீட்டில் சாப்பிடும்போது நான் ரசம் வேண்டாம் என்று சொன்னால், எங்களையா ரசத்தையா என்று மாமனார் கேட்பார். பல வருடங்களாகக் கேட்கிறார், அலுக்கவில்லை. சனிக்கிழமை ராத்திரிகளில் இப்போது அந்த வீட்டிலிருந்தும் அலறல் கேட்கிறது. பாதி நாள் அது என்னுடையது இல்லை, ரங்காவுடையது.

அந்தக் குடும்பத்தில் லக்னப் பத்திரிகை வாசிக்கும் உரிமை இன்னமும் பெரியப்பாவுடையதுதான். எந்த வீட்டு நிச்சயமாக இருந்தாலும், மாப்பிள்ளை பெயரைப் படித்ததும் நிறுத்துகிறார். அத்தை எழுந்து போய்ப் பெண்ணிடம், உனக்குச் சம்மதம்தானேம்மா என்று கேட்கிறார். பெண் வாய்திறந்து சொன்ன பிறகுதான் மேலே வாசிப்பு. வெளியிலிருந்து வந்த சம்பந்திகள் இது ஸ்ரீரங்கத்துப் பழைய சம்பிரதாயம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நாங்களும் திருத்துவதில்லை. ஆனால் அதற்கும் முன்னால், பத்திரிகையை விரித்தவுடன், பெரியப்பா கூட்டத்தில் என்னைத் தேடுகிறார். நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்தாலும் கண்டுபிடித்துவிடுகிறார். பிறகு மைக்கிலேயே, அத்தனை பேருக்கும் கேட்கும்படி, அதே ஏற்ற இறக்கத்தோடு கேட்கிறார்:

"தேன்மொழி, இன்னைக்கு மேட்ச் எதுவும் இல்லையே?"